கொழும்பில ஜாதிக்கோழி வளர்ப்பு: அடிக்கடி கேக்கிற கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தை, தெகிவளை, வத்தளைப் பக்கம் பேன்சி கோழி வளர்க்கிற ஆக்கள் இப்ப கூடிட்டினம், சுத்திச் சுத்தி எல்லாரும் கேக்கிறது இதே கேள்விகள்தான், அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். பண்ணை போட்டு முட்டை விக்கிறவைக்கு இது சரிவராது. பின்வளவில ஒரு இனத்த வைச்சு, குஞ்சு எடுத்து, அடுத்த தலைமுறைய இன்னும் வடிவா எடுக்க வேணும் எண்ட ஆசை உள்ளவைக்குத்தான் இது.

ஜாதிக்கோழி எண்டா என்ன? விலை கூடின கோழியா?

விலைக்கும் ஜாதிக்கும் சம்பந்தமே இல்ல. தாய் தகப்பன் எப்பிடியோ குஞ்சும் அதே உடம்பு, அதே நிறம், அதே கொண்டையோட தலைமுறை தலைமுறையா வந்தா அது ஜாதி. முட்டைப் பண்ணைகளில இருக்கிற ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் எல்லாம் வருஷத்துக்கு முந்நூறு முட்டை போடும், ஆனா அது கலப்பு, அதுக்குள்ளயே சேத்துக் குஞ்சு எடுத்தா ஒண்டு ஒரு மாதிரி மற்றது வேற மாதிரித்தான் வரும். ஊர்க்கோழியும் அப்பிடித்தான், நல்ல கெட்டிக்காரக் கோழி, ஆனா அடுத்த குஞ்சு என்ன நிறத்தில வரும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

ஒவ்வொரு இனமும் எப்பிடி இருக்க வேணும் எண்டு எழுதி வைச்ச அளவுகள் இருக்கு. இங்கிலாந்தில 1835ல சேவல் சண்டைய தடை செய்தாப் பிறகு சனம் கோழிகளக் காட்சிக்கு வைக்கத் தொடங்கிச்சு, 1873ல அமெரிக்கன் போல்ட்ரி அசோசியேஷன் உருவாகி அடுத்த வருஷமே இனங்களின்ர அளவுகளப் புத்தகமாப் போட்டுது. நிறை, நிறம், கொண்டைப் பல்லு எத்தின, கால்விரல் எத்தின எண்டு எல்லாம் அதில இருக்கு. நீங்க எடுக்கப்போற இனத்தின்ர அளவ வாங்க முதலே ஒருக்கா வாசியுங்க. கனபேர் வாங்கினாப் பிறகுதான் தேடினம்.

கொழும்பு வெக்கைக்கு எந்த இனம் சரி?

இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கினம், எல்லாரும் ஆசைப்படுறதும் பிரம்மாதான். பிரம்மாச் சேவல் அஞ்சு கிலோவுக்கு மேல வரும், கால் முழுக்க இறகு, பாக்க ராசா மாதிரி. ஆனா அது குளிர் தேசத்துக்குப் பேர்போன கோழி. கோழிக்கு வேர்க்காது, வாயத் திறந்து மூச்சு வாங்கி, அந்த ஈரம் ஆவியாப் போறதாலதான் உடம்பு குளிரும். யாழ்ப்பாணத்து வரண்ட வெயில் வேற, கொழும்பு வெக்கை வேற, இங்க காத்தே ஈரமா இருக்கிறதால எவ்வளவு மூச்சு வாங்கினாலும் பெருசாக் குளிராது. மார்ச் ஏப்ரல் மத்தியானத்தில பெரிய பிரம்மா செட்டைய விரிச்சுக்கொண்டு வாயத் திறந்தபடி நிக்கிறதப் பாத்தா விளங்கும். வளர்க்கவே ஏலாது எண்டு சொல்லேல்ல, நல்ல நிழலும் ஃபேனும் ஐஸ் போட்ட தண்ணியும் குடுக்கத் தெரிஞ்சா வளர்க்கலாம். முதல் கோழியா மட்டும் எடுக்காதீங்க.

மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் மழை வேற. காலில இறகு உள்ள இனங்களுக்கு, பிரம்மா, கொச்சின், சில்க்கி எல்லாத்துக்கும், சேறு ஒட்டி அதுக்குள்ள உண்ணி பூந்து கால் செதில் தூக்கிக்கொண்டு நிக்கும். சில்க்கியின்ர இறகில கொளுவி இல்ல, தண்ணி வழிஞ்சு ஓடாது, பஞ்சு மாதிரி அப்பிடியே ஊறிப்போகும். தரை காஞ்சிருந்தா சில்க்கி அருமையான கோழி, குணம் பசுவிட்ட கூட இல்ல, பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு நான் முதல்ல சொல்லுறது அதத்தான்.

இடம் குறைவு எண்டா செராமா. மலேசியாக் கோழி, அரைக்கிலோவுக்கும் குறைவு, எங்கட காலநிலை அதுக்குச் சொந்த ஊர் மாதிரியே. பெரிய கொண்டை உள்ள லெகோர்னும் வெக்கையத் தாங்கும், கொண்டையாலதான் சூடு வெளிய போறது, ஆனா சரியான பயந்த கோழி, கிட்டப் போனாலே கூரையில ஏறிடும். ரோட் ஐலண்ட் ரெட் எங்கயும் நிக்கும். ஆஸ்ட்ரலோர்ப் கறுப்பு எண்டதால வெயில்ல விடாம நிழல்ல வைச்சா நல்லது.

பிளாட்டில வளர்க்கலாமா?

ஏலாது. பால்கனியில கூடு வைச்சுப் படம் போடுறவையப் பாத்து ஏமாறாதீங்க. கோழிக்கு மண் வேணும், மண்குளிப்பு இல்லாட்டி பேன் பிடிக்கும்.

சேவல் கூவினா அடுத்த வீட்டு அங்கிள் சண்டைக்கு வருவாரே, என்ன செய்யிறது?

குஞ்சு எடுக்க வேணும் எண்டா சேவல் இல்லாம முடியாது, முட்டைக்கு மட்டும் எண்டா சேவல் தேவையே இல்ல, பேடு தன்ர பாட்டில போடும். இத முதல்ல தீர்மானியுங்க.

வெளிச்சத்தப் பாத்துத்தான் சேவல் கூவுது எண்டு நினைச்சுக் கூட்ட மூடி இருட்டாக்கினம். 2013ல ஜப்பான் நகோயா பல்கலைக்கழகத்தில செய்த ஆய்வில, எந்த நேரமும் மங்கல் வெளிச்சத்தில வைச்சாலும் சேவல் தன்ர உடம்புக் கடிகாரத்துப்படி விடியக் கிட்டக் கூவுது எண்டு காட்டிட்டினம். மூடினா சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், காத்து வராம மூடினா கொழும்பில சேவல் செத்துப்போகும். கழுத்தில பட்டி கட்டுறது கொடுமை, கதைக்கவும் வேணாம். ஒரு சேவலோட நிப்பாட்டுங்க, ரெண்டு நிண்டா போட்டிக்குக் கூவும். சின்ன இனமா எடுங்க, கூட்ட அடுத்த வீட்டுப் படுக்கையறைப் பக்கம் வைக்காதீங்க. மாசத்துக்கு ஒருக்கா பத்து முட்டை கொண்டுபோய்க் குடுங்க, அது எந்தச் சட்டத்த விடவும் வேலை செய்யும்.

சத்தத்த விட மணமும் தண்ணியும்தான் பெரிய பிரச்சினை. முறைப்பாடு போனா பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து முதல்ல பாக்கிறது நுளம்பு. கோழிக்கு வைக்கிற தண்ணிச் சட்டி, கூட்டுக்கு மேல தேங்கின தண்ணி, பின்னால எறிஞ்ச பழைய தீன் வாளி, இதில புழு கண்டா டெங்கு வழக்குத்தான். தண்ணிய ஒவ்வொரு நாளும் ஊத்தித் தேய்ச்சுக் கழுவுங்க, நுளம்பின்ர முட்டை சட்டிச் சுவரில ஒட்டிக்கொண்டு இருக்கும்.

எத்தின கோழியோட தொடங்குறது, எங்க வாங்குறது?

ஒரு சேவல், ரெண்டு பேடு. இதத்தான் ட்ரயோ எண்டு சொல்லுவினம். ஒரே இனம், ஒரே நிறம். மூண்டு இனத்த ஒரே வளவில கலந்து விட்டிட்டு ஜாதிக்கோழி வளர்க்கிறன் எண்டு சொல்லுறவையிட்ட எனக்குக் கோவந்தான் வரும், அந்தக் குஞ்சுகளத்தான் பிறகு இக்மன் விளம்பரத் தளத்தில ஒரிஜினல் எண்டு போடினம்.

படத்தப் பாத்து வாங்காதீங்க, நேர போய்த் தாய் தகப்பனக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டன் எண்டா திரும்பி வாங்க. சில்க்கி எண்டா காலில அஞ்சு விரல் இருக்க வேணும், தோல் கறுப்பா இருக்க வேணும். பிரம்மா எண்டா கொண்டை ஒற்றை வாள் மாதிரி நிக்கக்கூடாது, மூண்டு வரிசையாத் தாழ்ந்து கிடக்கும், காலிறகு நடுவிரல் வரைக்கும் போகும். செப்ரைட் எண்டா சேவலுக்கும் பேட்டின்ர மாதிரி வட்ட இறகுதான், நீட்டு வாலோட நிண்டா கலப்பு. இந்தோனேசியா அயாம் செமானிக்கு இறைச்சி எலும்பு வரைக்கும் கறுப்பு, அது உண்மை, ஆனா இரத்தம் சிவப்புத்தான், முட்டையும் வெள்ளை கலந்த கிறீம் நிறந்தான். கறுப்பு முட்டை எண்டு காட்டி ஆரும் விலை சொன்னா சிரிச்சிட்டு வாங்க.

வெளிநாட்டில இருந்து முட்டை கொண்டுவரலாமா எண்டும் கேக்கினம். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின்ர அனுமதியும் அந்த நாட்டுச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாம ஏலாது. சூட்கேசுக்குள்ள சுத்திக் கொண்டுவாற வேலைய விடுங்க, பறவைக்காய்ச்சலோட விளையாட ஏலாது.

அடைக்கு வைக்க முட்டைய எப்பிடிச் சேத்து வைக்கிறது?

கொழும்பு ஆக்கள் கனபேர் தோக்கிற இடம் இதுதான், குத்தம் குஞ்சு பொரிக்கிற மெசின்ல (இன்கியூபேட்டர்ல) இல்ல. கருக்கட்டின முட்டைக்கு 15 தொடக்கம் 18 பாகை நல்லம், ஏழு நாளுக்கு மேல வைக்கக்கூடாது. எங்கட குசினி 30 பாகை. அந்தச் சூட்டில கரு அரைகுறையா வளரத் தொடங்கி, நிண்டு, செத்துப்போகும், பிறகு அடை வைச்சுப் பாத்தா கூழ்முட்டை எண்டு சேவலக் குறை சொல்லுவினம். ப்ரிட்ஜ்ல வைச்சா குளிர் கூடிப்போகும். ஏசி அறை இருந்தா அதுக்குள்ள ஒரு மூலையில கூர்ப்பக்கம் கீழ இருக்கிற மாதிரி வையுங்க. ஏசி இல்லாட்டி மூண்டு நாலு நாளுக்குள்ளயே வைச்சிடுங்க, நிறையச் சேர்க்க ஆசைப்படாதீங்க. ஊரில ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள்ள வைக்கிறவை, அது வரண்ட காத்துக்குச் சரி, இங்க பெருசாக் குளிராது.

இன்கியூபேட்டருக்கு எவ்வளவு தண்ணி ஊத்துறது? யூடியூப்பில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லினம்.

யூடியூப் ஆக்கள் இருக்கிறது வேற ஊரில. கணக்கு இப்பிடி: ஃபேன் உள்ள மெசினுக்கு 37.5 பாகை, 21 நாள், முதல் 18 நாளுக்கு ஈரம் ஐம்பது வீதத்துக்குக் கிட்ட, கடைசி மூண்டு நாளுக்கு 65 தொடக்கம் 70. இப்ப எங்கட வீட்டுக் காத்து 29 பாகையில 75, 80 வீத ஈரத்தோட இருக்கு. அதே காத்த 37.5க்குச் சூடாக்கினா ஈரம் தானாவே 45, 50க்கு இறங்கிடும். அதாவது முதல் 18 நாளும் அனேகமாத் தண்ணியே ஊத்தத் தேவையில்ல! புத்தகத்தில இருக்கு எண்டு தண்ணிய நிரப்பினா குஞ்சு கோதுக்குள்ளயே மூழ்கிச் சாகும், 20ஆம் நாள் முழுக் குஞ்சு செத்துக் கிடக்கிறதுக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஆனா மெசின ஏசி அறையில வைச்சா கதை தலைகீழ், ஏசி காத்தக் காய வைக்கும், ஈரம் 25, 30க்குப் போயிடும், அப்ப கட்டாயம் ஊத்த வேணும்.

மீட்டர நம்பாட்டி முட்டைய நிறுங்க. 18ஆம் நாள் வரேக்க முதல் நிறையில 12, 13 வீதம் குறைஞ்சிருக்க வேணும். 60 கிராம் முட்டை 52 கிராமுக்குக் கிட்ட வந்தா எல்லாம் சரி. ஒரு நாளைக்கு மூண்டு தரமாவது திருப்புங்க, 18ஆம் நாளோட நிப்பாட்டுங்க, பிறகு மூடியத் திறக்கவே கூடாது. எட்டிப் பாக்கிற ஆசையில திறந்தா குத்தின முட்டையின்ர சவ்வு காஞ்சு குஞ்சு ஒட்டிப்போயிடும்.

கரண்ட் போனா?

2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கட் இருந்துது, 2025 பெப்ரவரியில பாணந்துறை சப்ஸ்டேசன்ல குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டுது, எனவே இது நடக்காது எண்டு நினைக்காதீங்க. ரெண்டு மூண்டு மணித்தியாலம் போனாப் பெரிய பயமில்ல, எங்கட அறை ஏற்கனவே 29 பாகை, மெதுவாத்தான் ஆறும். பழைய போர்வை ஒண்டப் போடுங்க. அடை வைச்சு ரெண்டு கிழமைக்கு மேலான முட்டை எண்டா காத்துத் துளைய மூடாதீங்க, அந்த வயசில கரு தானே சூடு விடும், காத்தும் கூடக் கேக்கும்.

என்னைக் கேட்டா ஒரு சில்க்கிப் பேடு எந்த மெசினையும் விடத் திறம். கரண்ட் வேணாம், ஈரம் வேணாம், குஞ்சையும் அதுவே வளர்க்கும். சொந்த முட்டை எண்டா ஏழெட்டு, பெரிய இனத்து முட்டை எண்டா நாலு. அடை கிடக்கேக்க நாளைக்கு ஒருக்கா எழும்பித் தின்னுதா எண்டு மட்டும் பாருங்க.

ஒரே தாய் தகப்பன்ர குஞ்சுகளச் சேத்து அடுத்த குஞ்சு எடுக்கலாமா?

அண்ணன் தங்கச்சியச் சேர்க்காதீங்க. ஒருக்கா நடந்தா உடன ஒண்டும் தெரியாது, ரெண்டு மூண்டு தலைமுறையில முட்டை கருக்கட்டாது, பொரிக்கிறது குறையும், குஞ்சு நோஞ்சானாப் போகும். தகப்பனுக்கு மகள், தாய்க்கு மகன் எண்டு சேர்க்கிறதும் உறவுக்குள்ளதான், ஆனா நல்ல குணத்தப் பிடிச்சு வைக்க வேணும் எண்டு கொஞ்சத் தூரம், கவனமாச் செய்யினம். அதுக்குக் கால் வளையமும் ஒரு கொப்பியும் வேணும். எந்தக் குஞ்சு ஆரின்ர எண்டு எழுதி வைக்காம செய்யிறது வெறும் கோழி வளர்ப்பு.

சேவல மாத்தினா மூண்டு கிழமை பொறுங்க. பேட்டின்ர உடம்புக்குள்ள பழைய சேவலின்ர விந்து ரெண்டு மூண்டு கிழமைக்கு உயிரோட இருக்கும், அந்த நேரத்து முட்டைய அடை வைச்சா தகப்பன் ஆரெண்டு தெரியாது.

நீலக் கோழியும் நீலக் கோழியும் சேத்தா நீலம் வரேல்ல, ஏமாத்திட்டினமா?

இல்ல, அது இயற்கை. நீலத்துக்கு நீலம் சேத்தா பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளையில புள்ளி விழுந்த ஸ்பிளாஷ். முழுக்க நீலம் வேணும் எண்டா கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேருங்க, எல்லாக் குஞ்சும் நீலம். சுருள் இறகு உள்ள பிரிசில்லும் அப்பிடித்தான், ரெண்டு சுருளையும் சேத்தா கால்வாசிக் குஞ்சுக்கு இறகு உடைஞ்சு கொட்டி அரை மொட்டையா நிக்கும், பாவம், ஒரு பக்கம் நேர் இறகு எடுங்க. ஜப்பான் பாண்டமின்ர குட்டைக்கால் இன்னும் மோசம், குட்டைக்குக் குட்டை சேத்தா கால்வாசி முட்டைக்குள்ளயே செத்துப்போகும், இன்னொரு கால்வாசி நெட்டைக்காலோட வரும். இது விளங்காம மெசினத் திட்டுறவை இருக்கினம்.

மிஞ்சுற சேவல்கள என்ன செய்யிறது?

பொரிக்கிறதில பாதி சேவல். பத்துக் குஞ்சு எடுத்தா அஞ்சு, அதில வைச்சுக்கொள்ளத் தகுந்தது ஒண்டு. மீதி நாலும் நாலு மாசத்தில கூவத் தொடங்கும். இதுக்குப் பதில் இல்லாம முட்டை அடை வைக்கவே கூடாது எண்டுறது என்ர கருத்து. கறிக்கு எடுக்கிற வீடு எண்டா பிரச்சினையில்ல. சைவ வீடு எண்டா வளவு உள்ள சொந்தக்காரரோட முதலே கதைச்சு வையுங்க. கோயில் வாசலிலயும் ஆத்தங்கரையிலயும் கொண்டுபோய் விடுறது புண்ணியம் இல்ல, அண்டைக்கு இரவே நாய் பிடிக்கும். குறை உள்ள சேவல ஜாதி எண்டு வித்துத் தள்ளுறதும் வேணாம், அது திரும்பி உங்கட இனத்தின்ர பேரத்தான் கெடுக்கும்.

காட்டுக்கோழியோட சேத்து ஒரு கலப்பு எடுக்கலாமா?

கையே வைக்காதீங்க. எங்கட காட்டுக்கோழி இலங்கையில மட்டும் இருக்கிற இனம், தேசியப் பறவை, சட்டம் பாதுகாக்குது.

என்ன ஊசி, என்ன வருத்தம் பாக்க வேணும்?

ராணிக்கெட் எண்ட வைரஸ் வருத்தத்துக்கான தடுப்ப மட்டும் தவற விடாதீங்க, அந்த வருத்தம் வந்தா கூடு முழுக்கக் காலி. முதல் கிழமையில கண்ணில ஒரு சொட்டு, பிறகு திரும்பவும் போட வேணும், கம்போரோ எண்ட மற்ற வைரஸ் வருத்தத்துக்குத் தடுப்பு எந்த நாள், அம்மைத் தடுப்பு எப்ப எண்டு உங்கட பகுதி அரச மிருக வைத்தியரிட்டக் கேட்டு எழுதி வையுங்க. மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்குத்தான் வரும், கலந்தா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்க வேணும், எனவே பக்கத்தில வளர்க்கிறவையோட நாள் பேசி ஒண்டாப் போடுங்க. ஐஸ் இல்லாம பஸ்ஸில கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணி.

அம்மைய நுளம்பும் பரப்பும், இரவில கூட்டுக்கு நுளம்பு வலை கட்டினா பாதி வேலை முடிஞ்சுது. மழை காலத்தில மூண்டு தொடக்கம் ஆறு கிழமைக் குஞ்சு இரத்தமாக் கழிஞ்சா கொக்சிடியோசிஸ், அம்ப்ரோலியம் உடன குடுக்க வேணும், ஈர மரத்தூளை அண்டைக்கே அள்ளிக் கொட்டுங்க. ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் இழுத்துக்கொண்டு கிடந்தா மாரெக்ஸ், அதுக்கு மருந்து இல்ல. செத்த கோழிய எறியாம ஐஸில வைச்சு மிருக வைத்தியரிட்டக் காட்டுங்க, காரணம் தெரிஞ்சாத்தான் மிச்சத்தக் காப்பாத்தலாம். ஆரோ சொன்னாங்க எண்டு அன்டிபயோட்டிக்க தண்ணியில கலக்கிற பழக்கம் இங்க சரியா மோசம்.

சாப்பாடு?

குஞ்சுக்கு ஸ்டார்ட்டர், வளர்றதுக்கு குரோவர், முட்டை போடுறதுக்கு லேயர். குஞ்சுக்கு லேயர் தீன் குடுத்தா அதில இருக்கிற கல்சியம் சிறுநீரகத்த அடிச்சுப்போடும். குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் போட்டு வளர்த்தா கொழுப்பு வைக்கும், முட்டை கருக்கட்டாது. கங்குன் கீரை, முருங்கையிலை குடுங்க. வெக்கை நாளில விடியவும் பின்னேரமும் மட்டும் தீன்.

காகம், மரநாய், கபரகொய்யாவிட்ட இருந்து எப்பிடிக் காப்பாத்துறது?

காகத்துக்கு மேல வலை. கால்வாய்க் கரை வீடுகளுக்கு கபரகொய்யா (தண்ணியில வாழுற பெரிய உடும்பு) பகலில வரும், மரநாய் இரவில கூரையால வரும், பெருச்சாளி கீழால தோண்டும். கோழிவலை எண்டு விக்கிற அறுகோண வலைய மரநாய் கடிச்சுப் பிய்க்கும், அரை அங்குல வெல்ட் வலைதான் வேணும், நிலத்துக்குள்ள ஒரு அடி இறக்குங்க. வெறும் தாழ்ப்பாள் காணாது, கொழுக்கியோட பூட்டுங்க.

லாபம் வருமா?

வராது. தீன் காசு வந்தா சந்தோசப்படுங்க.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனா கோழிய ஆர் பாக்கிறது?

ரெண்டு நாளுக்கு மேல தனிய விடாதீங்க, தானியங்கித் தீன் பெட்டி இருந்தாலும் தண்ணி கவிழ்ந்தா கொழும்பு வெயிலுக்கு ஒரு பகல் போதும். இன்னொரு வளர்க்கிறவரோட மாறி மாறிப் பாக்கிற ஏற்பாடு நல்லம், ஆனா அவர் தன்ர கூட்டுச் செருப்போட உங்கட கூட்டுக்குள்ள வரக்கூடாது, வருத்தம் செருப்பிலதான் வரும், வாசலில வேற ஒரு சோடி வைச்சிட்டுப் போங்க. போற கிழமை அடையும் வைக்காதீங்க.